தூசி வராது என்று சொன்ன நாள்

"நாளைக்குத் தூசி வருமா?" என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று எங்களுக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த காலம். பாளையங்கோட்டையில் இயற்பியல் படித்துவிட்டு வானிலை அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து எனக்கு இரண்டாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. உப்பளக்காரர்கள் எங்களிடம் மழையைப் பற்றிக் கேட்பார்கள். துறைமுகத்தார் புயல் கூண்டு ஏற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். அவ்வளவுதான். மற்ற நேரத்தில் பலூன் விடுவோம், அது போகிற போக்கைத் தொலைநோக்கிக் கருவியில் பின்தொடர்ந்து மேல்காற்றைக் கணக்கிடுவோம், டெலிபிரிண்டரில் வருகிற எண்களைப் பெரிய தாளில் குறித்து வரைபடம் போடுவோம்.

அந்த ஆனி மாதத்தில்தான் கல்கத்தாவிலிருந்து ஓர் அம்மா வந்து இறங்கினார். ஐம்பதை நெருங்கும் வயது, கனத்த கண்ணாடி, கைத்தறிச் சேலை. பிறந்தது கும்பகோணம் பக்கம் என்றாலும் வடக்கிலேயே வாழ்ந்து பழகியதால் அவருடைய தமிழில் பாதி ஆங்கிலம் இருந்தது. அவருடைய ஆராய்ச்சியே தூசிதான். அரபிக்கடலுக்கு அப்பாலுள்ள பாலைவனங்களில் கிளம்பும் தூசி உயரத்துக்கு ஏறி, மேல்காற்றில் மிதந்து நம் கடற்கரை வரைக்கும் வருகிறது, வந்து வெயிலை மறைக்கிறது, மேகங்களையும் ஏதோ செய்கிறது என்று அவர் நினைத்தார். அதைப் பிடிப்பதற்காக ஒரு பழைய கப்பலையும் ஒரு சின்ன விமானத்தையும் ஏற்பாடு செய்திருந்தார். கப்பல் மன்னார் வளைகுடாவில் நின்று கடல் மட்டத்துக் காற்றை உறிஞ்சி வடிதாளில் தூசியைப் பிடிக்கும். விமானம் மதுரையிலிருந்து பறந்துவந்து, அதே நேரத்தில், அதே இடத்துக்கு மேலே, உயரத்தில் பிடிக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எந்த நாளில் புறப்பட வேண்டும் என்று சொல்வது எங்கள் வேலை.

அவர் போன பிறகு எங்கள் அதிகாரி நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். நாசரேத்துக்காரர், எதையும் நிதானமாக எடுத்துக்கொள்கிறவர்.

"மழை கேட்டிருக்காங்க, புயல் கேட்டிருக்காங்க. தூசியக் கேட்டு இப்பந்தாம்மா ஆள் வந்திருக்கு. எங்க வீட்டம்மாகிட்ட கேட்டா சொல்லிருவா, தெனமும் வருதுன்னு."

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. சில நாட்களில் அவருக்குக் கண் மஞ்சளித்தது. காமாலை. கீழாநெல்லி சாப்பிட்டு ஓய்வெடுக்க ஊருக்குக் கிளம்பிவிட்டார். "நான் வார வரைக்கும் நீ பாத்துக்கோ. ரொம்பக் குழப்பமா இருந்தா மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டுரு" என்றார். ரொம்பக் குழப்பம் என்பது எவ்வளவு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கப்பலின் சாப்பாட்டு அறையில் பிற்பகல்தோறும் திட்டக் கூட்டம் நடக்கும். முதல் கூட்டத்துக்குப் புதுச் சேலை உடுத்தி, தலைவாரி, முகத்துக்கு நன்றாகப் பவுடர் போட்டுக்கொண்டு போனேன். அந்த அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"பவுடர் போட்டிருக்கியா?"

"ஆமா, மேடம்."

"போய் முகத்தை அலம்பிண்டு வா. வடிதாள் இருக்கற இடத்துக்குப் பவுடர், விபூதி, குங்குமம் எதுவும் வரக்கூடாது. நாம பிடிக்க வந்திருக்கறது தூசி. நாமளே கொண்டுவரப்படாது."

முகத்தைக் கழுவிவிட்டு, கூச்சத்தோடு போய் உட்கார்ந்தேன். எனக்கு எதிரே கப்பலின் முதல் அதிகாரி இருந்தார். காயல்பட்டினத்துக்காரர். கப்பலை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது, ஆட்களுக்கு என்ன வேலை கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. என் முகத்திலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துவிட்டு மேசைத் துணியை நகர்த்திக் கொடுத்தார்.

கூட்டத்தில் கேட்டதையெல்லாம் மனதில் வாங்கிக்கொள்ள முயன்றேன். அந்த அம்மாவுக்குத் தூசி வேண்டும். தூசியைக் கொண்டுவருவது பலத்த மேல்காற்று. ஆனால் பலத்த காற்று கடல்மட்டத்துக்கு இறங்கினால் அலை எழும்பும். அலை எழும்பினால் உப்புத்தண்ணீர் தெறித்து வடிதாள் கெட்டுப்போகும். விமானிக்கு வானம் தெளிவாக இருக்க வேண்டும். தூசி வந்தால் வானம் தெளிவாக இருக்காது. ஆகக்கூடி, தூசி வேண்டும், அது கண்ணை மறைக்கக் கூடாது. காற்று வேண்டும், கடல் அசையக் கூடாது. இப்படி ஒரு நாளை, முந்தின நாளே, மதுரைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். விமானத்துக்கு அனுமதி கிடைத்திருந்ததோ இரண்டே தடவை பறப்பதற்கு மட்டும்.

இதில் தூத்துக்குடிக் காற்று வேறு. காலையில் மேற்கேயிருந்து வீசும். மத்தியானத்துக்குப் பிறகு கடல்காற்று கிழக்கேயிருந்து உள்ளே வரும். கீழே கிழக்குக் காற்றும் அதற்கு மேலே மேற்குக் காற்றும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். என் பலூன் முதலில் ஊர்ப்பக்கம் போய், பிறகு மனம் மாறியதுபோல் கடலுக்குத் திரும்பும். செயற்கைக்கோள் படம் மெட்ராஸில் இருந்தது. அங்கே இருந்தவர் அதைத் தொலைபேசியில் எனக்கு வர்ணித்தார். "அரபிக்கடல்ல மங்கலா ஒரு பட்டை தெரியுதும்மா. தூசியா இருக்கலாம். மெல்லிசு மேகமாவும் இருக்கலாம். படமே சரியா விழலையோ என்னமோ."

முதல் தடவை, தூசி வராது என்றேன். மறுநாள் வல்லநாட்டு மலை கண்ணுக்கே தெரியவில்லை. அடுத்த தடவை, வரும் என்றேன். கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி வானம் விடிந்தது. நல்லவேளையாக இரண்டு தடவையும் விமானத்தைக் கிளப்பவில்லை. என்னை நம்பலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது.

மூன்றாவது தடவை வரும் என்று சொன்னபோது அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ சொல்றது ஃபோர்காஸ்ட்டா, கெஸ்ஸா?"

எனக்கே அது விளங்கவில்லை. "ஃபோர்காஸ்ட்தான், மேடம்" என்றேன்.

கப்பலிலிருந்தும் பலூன் விட வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். விடியலில் கிளம்பினோம். முத்துக்குளிக்கிற பார்களைத் தாண்டி, கரை வெறும் கோடாகத் தெரிகிற தூரத்தில் கப்பலை நிறுத்தினார்கள். எனக்கு அதுதான் முதல் கடல் பயணம். குமட்டலை அடக்கிக்கொண்டு, தளத்தில் ஒரு கம்பத்தின் நிழலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே எங்கோ டொக்கு டொக்கென்று சுத்தியல் சத்தம். கப்பல் என்றால் சத்தம் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். விமானம் வந்து வட்டமடித்துவிட்டுப் போயிற்று.

பிற்பகல் அந்த அம்மா இடுக்கியால் வடிதாளை எடுத்தார். வெள்ளையாகப் போட்ட தாள் செம்மண் நிறத்தில் இருந்தது.

தாளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, என் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். எனக்கு வானத்தில் மிதப்பதுபோல் இருந்தது. நான் சொன்ன தூசி வந்துவிட்டது.

மறுநாள் மதுரையிலிருந்து விமானத்தின் வடிதாள் ஜீப்பில் வந்தது. அதில் சிவப்பே இல்லை. லேசான சாம்பல் நிறம், அடுப்புக்கரி படிந்த மாதிரி.

கூட்டத்தில் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பாலைவனத் தூசி மேலே வர வேண்டும், கீழே கொஞ்சமாக இறங்க வேண்டும். இங்கே கீழே சிவப்பு, மேலே சாம்பல். சாம்பல் நிறத்துக்கு ஒரு காரணம் சொல்லலாம்: விமானம் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டுக்கு மேலே பறந்து வந்திருந்தது, கோடையில் அந்தக் கரிசல் மண் புகையாகக் கிளம்பும். ஆனால் சிவப்பு?

நான் மெதுவாகச் சொன்னேன். "மேடம், இது எங்க ஊர்த் தேரி மண்ணா இருக்கலாம்."

சாத்தான்குளத்தை ஒட்டி எங்கள் ஊர். ஊரைத் தாண்டினால் தேரி. குன்று குன்றாகச் செம்மணல். ஆனி ஆடிக் காற்றில் அது கிளம்பி வீட்டு ஓட்டில், சோற்றில், பைபிள் பக்கங்களுக்கு நடுவில் எல்லாம் வந்து உட்காரும். சிறுவயதிலிருந்து பார்த்த சிவப்பு அது. தாளைப் பார்த்ததும் தேரிதான் என்று உறுதியாகத் தோன்றியது.

"ஒப்பிட்டுப் பார்த்துடலாம். எடுத்துண்டு வா" என்றார் அந்த அம்மா.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்த என் அம்மா, கோயிலிலிருந்து வந்த கையோடு வாசலில் நின்றாள். நான் தேரியிலிருந்து ஒரு டப்பா நிறைய மண் அள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"ஏளா, மண்ணெடுக்கவா பஸ் ஏறி வந்த?"

"ஆபீஸுக்கும்மா."

"ஆபீஸுல மண்ண வச்சு என்ன செய்வாங்க?"

"காத்துல வந்த தூசி இங்கன உள்ளதா, அரபு நாட்டுலேருந்து வந்ததான்னு பாக்கணும்."

அம்மா டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். "உங்க மாமா அங்கதான் போயிருக்கான். அவங்கிட்டேருந்து ஒரு சேதியக் காணோம். மண்ணு மட்டும் வந்துட்டாக்கும்?"

கப்பலில் ஒரு சின்ன நுண்ணோக்கி இருந்தது. அந்த அம்மா முதலில் தேரி மணலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். உருண்டை உருண்டையாக, சிவப்புச் சாயம் தோய்ந்த மணிகள். அடுத்து வடிதாள். அதில் இருந்தவை தட்டையாக, மீன் செதில் போல் இருந்தன. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அத்தனை உறுதியாக நான் சொன்னது தப்பு.

"அப்போ அரபு நாட்டுத் தூசிதானா, மேடம்?"

"இவ்வளவு பெரிய செதில் அவ்வளவு தூரம் மிதக்காதே" என்றார். காந்தத்தைக் காட்டிப் பார்த்தார், செதில்கள் ஒட்டின. தேரி மண்ணிலும் காட்டினார். அதிலும் கருப்பாகச் சில மணிகள் ஒட்டின. காந்தத்தைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார். தேரியும் இல்லை, பாலைவனமும் இல்லை, கரிசலும் இல்லை. வேறு எங்கேயிருந்து வரும்? வரைபடத்தை விரித்து மேற்கே, தெற்கே, இலங்கைப் பக்கம் எல்லாம் விரலை ஓட்டிப் பார்த்தோம். அங்கே செம்மண் உண்டு, ஆனால் காற்று அந்தத் திசையில் இல்லை. எனக்குத் தலை சுற்றியது. அன்றைக்குக் கப்பல் ஆடாமல் துறைமுகத்தில்தான் கட்டிக் கிடந்தது.

மறுநாள் நான் மாற்றுச் சேலை காயாததால், கடலுக்குப் போனபோது உடுத்தியிருந்த அதே மெல்லிய வெளிர்நீல வாயில் சேலையைக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். துவைத்தும் போகாத செம்புள்ளிகள் கொசுவத்திலும் முந்தானையிலும் இருந்தன. அந்த அம்மா பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். என் முந்தானையைப் பிடித்துக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோனார்.

"இது எங்கே பட்டது?"

"கப்பல்லதான், மேடம். அந்தக் கம்பத்துக்குக் கீழ உக்காந்திருந்தேன்."

"மேலே என்ன நடந்துண்டிருந்தது?"

"யாரோ சுத்தியலால தட்டிக்கிட்டிருந்தாங்க."

அவர் முதல் அதிகாரியின் பக்கம் திரும்பினார். "சார், நாம கடல்ல நிக்கறப்போ உங்க ஆட்கள் துரு சுரண்டறாளா?"

"சுரண்டாமெ?" என்றார் அவர், பெருமையாக. "கப்பல் சும்மா நிக்கிற நேரத்துலதானே அந்த வேலைய முடிக்கலாம். கம்பம், முன்தளம் முழுக்கச் சுரண்டி, சிவப்புப் பெயிண்டு அடிச்சாச்சே. நீங்க பாக்கலையா? புதுக் கப்பல் மாதிரி ஆயிட்டு."

அந்த அம்மா என் முந்தானைப் புள்ளிகளை அவருக்குக் காட்டினார். அவருக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. முகம் மாறியது. "அந்தத் தாள்ல இருக்கது எங்க கப்பலா?"

அந்த அம்மா சிரிக்கப்போகிறாரா அழப்போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுமே செய்யவில்லை. டீ இருக்கிறதா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு சுரண்டல் நின்றது. கடலில் இருக்கும்போது பீடி, சிகரெட்டு கூடாது, அடுப்புப்புகை பின்பக்கம் போகும்படி கப்பலின் முகத்தைக் காற்றுக்கு எதிராக வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் முதல் அதிகாரியே கட்டளை போட்டார். ஆனால் விமானத்துக்கு ஒரே ஒரு பறப்புதான் மிச்சம். கப்பலும் சீக்கிரமே கொச்சிக்குப் போயாக வேண்டும். மிச்சம் இருந்த நாட்களில் ஒன்றை நான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்தக் காலை வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தது நன்றாக நினைவிருக்கிறது. மேல்காற்று வடக்கே ஒதுங்கியிருந்தது. மெட்ராஸ்காரர் பட்டை எதுவும் தெரியவில்லை என்றார். கடல் அடங்கியிருக்கும் என்று தோன்றியது. எல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்லின. முதல் தடவையாக எனக்குக் குழப்பம் இல்லாமல் இருந்தது. அதுவே பயமாகவும் இருந்தது.

"நாளைக்குத் தூசி வராது. கடல் அமைதியா இருக்கும்" என்று கூட்டத்தில் சொன்னேன். "அதுக்கடுத்த நாட்களைப் பத்திச் சொல்லத் தெரியலை."

அந்த அம்மா வெகுநேரம் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். "சரி, நாளைக்கே போகலாம். ஒப்பிட்டுப் பார்க்கத் தூசி இல்லாத நாளோட தாளும் ஒண்ணு வேணும். அதுவாவது நிச்சயமாக் கிடைக்குமில்லையா? ஒண்ணுமே இல்லாமப் போறதுக்கு இது தேவலை."

"கடல் சும்மா கெடக்கும்னா எனக்குச் சம்மதம்" என்றார் முதல் அதிகாரி.

கடல் நான் சொன்னபடியே கிடந்தது. குளத்துத் தண்ணீர் மாதிரி. வெயில் ஏறத் தொடங்கியதும் பலூனை விட்டேன். ஒரு துண்டு மேகம்கூட இல்லை. கருவியில் கண்ணை வைத்துப் பின்தொடர்ந்தேன். கொஞ்ச உயரம் போனதும் பலூன் மங்கியது, பிறகு காணவில்லை. மேகமே இல்லாத வானத்தில் பலூன் எங்கே போகும்? வெடித்திருந்தால் சட்டென்று மறைந்திருக்கும். இது பாலில் சர்க்கரை கரைவதுபோல் கரைந்தது. கண்ணாடியில்தான் அழுக்கு என்று நினைத்து முந்தானையால் துடைத்தேன். இன்னொரு பலூன் விட்டேன். அதுவும் அதே உயரத்தில் கரைந்தது. மறுபடியும் துடைக்கப் போனேன்.

"துடைக்காதே" என்றது பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல். "லென்ஸ்ல ஒண்ணும் இல்லை."

நிமிர்ந்து பார்த்தேன். கடலும் வானமும் சேர்கிற கோடு அழிந்துபோயிருந்தது. சூரியன் அலுமினியத் தட்டுபோல் வெளுத்துப்போய், கண் கூசாமல் பார்க்கலாம் போலிருந்தது. நான் இத்தனை நேரமும் கருவிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே விமானத்தின் சத்தம் கேட்டது, உருவம் தெரியவில்லை. சற்று நேரத்தில் ஒயர்லெஸ் அறையிலிருந்து ஆள் ஓடி வந்தார். விமானி செய்தி சொல்லியிருந்தார்: மேலே கெட்டியான தூசிப் படலம், தாள் நன்றாக நிறைகிறது, இந்த நாளைச் சரியாகச் சொன்ன வானிலைக்காரருக்கு வாழ்த்துகள்.

முதல் அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆட்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். யாரோ கைதட்டினார்கள்.

"நான் வராதுன்னுல்லா சொன்னேன்" என்றேன். யார் காதிலும் விழவில்லை. அந்த அம்மாவிடம் போய் மறுபடியும் சொன்னேன். "மேடம், நான் வராதுன்னு சொன்னேன்."

"தெரியும்" என்றார் அவர், இடுக்கியால் தாளை எடுத்தபடியே. மணல் நிறம், பால் அதிகமாக விட்ட டீயின் நிறம். "அதை ரிப்போர்ட்ல எப்படி எழுதறதுன்னுதான் யோசிக்கறேன்."

மறுநாள் விமானத்தின் தாளும் அதே நிறத்தில் வந்தது. அன்றைக்கே அவர் கல்கத்தாவுக்கு ரயிலேறினார். ஸ்டேஷனில் என்னிடம், "முகத்துக்குப் பவுடர் போட்டுக்கோ, இனிமே பரவாயில்லை" என்றார். எனக்கு அழுகை வந்தது, எதற்கென்று தெரியாமல்.

எங்கள் அதிகாரி மெலிந்து, மோர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பியபோது நடந்ததையெல்லாம் சொன்னேன். அந்த நாளின் வரைபடங்களை வரிசையாக விரித்துவைத்துப் பார்த்தார். நானும் அவரோடு நின்று பார்த்தேன். நடந்தது என்ன என்று தெரிந்த பிறகாவது காரணம் கண்ணில் பட வேண்டும் அல்லவா? படவில்லை.

"மேல உள்ள காத்து எங்கயோ வளைஞ்சு, கீழ எறங்கியிருக்கணும்" என்றார் கடைசியில். "ஏன் எறங்குச்சுன்னு கேட்டா, வெளங்கலம்மா. நான் இருந்திருந்தாலும் வராதுன்னுதான் சொல்லியிருப்பேன்."

அது எனக்கு ஆறுதலாக இருந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அவரும் அப்படியே சொல்லியிருப்பார் என்றால் என் மேல் தப்பில்லை. ஆனால் அப்படியானால் நாங்கள் இரண்டு பேரும் தினமும் அங்கே உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தோம்?

பல மாதங்கள் கழித்து, புயல் காலம் தொடங்கியிருந்த ஒரு நாள், கல்கத்தாவிலிருந்து டிரங்க் கால் வந்தது. இரைச்சலுக்கு நடுவே அந்த அம்மாவின் குரல். தாளைச் சோதித்தாகிவிட்டது, பெரும்பகுதி பாலைவனத் தூசிதான் போலிருக்கிறது, கொஞ்சம் கரிசல் மண், மிச்சம் என்னவென்று அவர்களுக்கே புரியவில்லை என்றார்.

"அன்னிக்கு நீ ஏன் வராதுன்னு சொன்னே? என்ன பார்த்து சொன்னே? சொல்லு, எழுதிக்கறேன்" என்று கேட்டார்.

நான் காற்றைச் சொன்னேன், மெட்ராஸ்காரர் சொன்னதைச் சொன்னேன், கடலைச் சொன்னேன். நடுவில் இணைப்பு அறுந்துவிட்டது. எவ்வளவு கேட்டிருப்பார் என்று தெரியவில்லை. ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால், புயல் கூண்டு ஏற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு துறைமுகத்து ஆள் வாசலில் நின்றார்.